கை சுத்தம்

ஐயையோ, கையை எறக்கிடாதீங்க சிஸ்டர்! இடுப்புக்குக் கீழ போச்சுன்னா அவ்வளவுதான், மறுபடியும் முதல்லேருந்து. ஆங், அப்படித்தான். நெஞ்சுக்கு நேரா வச்சுக்கங்க. க்ளவுஸ் போட்ட கை காத்துலதான் நிக்கணும். உங்களுக்குத் தெரியாததா, நான் யாரு சொல்றதுக்கு.

பேசாதீங்க, பேசாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. மணியடிச்சு நிறுத்திட்டாங்கன்னா மறுபடி மணியடிக்கிற வரைக்கும் பரிச்சைக்கு வந்தவங்க வாயத் தொறக்கக் கூடாது, நின்ன எடத்தை விட்டு நகரக் கூடாது. வெளிய ஒட்டியிருந்தாங்களே, பாக்கலையா? ஆனா நான் பேசலாம். நான் பேஷன்ட். பேஷன்ட் பேசக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லை.

என்ன ஆச்சுன்னுதானே பாக்குறீங்க? திரைக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு மயங்கி விழுந்துடுச்சு. ஊசி போடுற கட்டில் அது. அங்க படுத்திருக்கிறது பொம்மை, ரப்பர் கை. அந்த ரப்பர் கையில ஊசி குத்தப் போயி, குத்தினவளுக்குத் தலை சுத்திடுச்சு. சிரிக்காதீங்க, பாவம், பயம் அப்படி. நம்ம மேடமும் அங்கதான் ஓடினாங்க. ஹால்ல இருக்கிற எக்ஸாமினர் எல்லாருமே நர்ஸாச்சா, அத்தனை பேரும் ஒரே நேரத்துல அந்தப் பொண்ணு கால தூக்கிப் பிடிக்கப் போயிருப்பாங்க. இருக்கிறது ரெண்டே காலு. ஓடின வேகத்தைப் பாருங்க, போனையும் கைப்பையையும் இந்த நாற்காலி மேலயே போட்டுட்டுப் போயிட்டாங்க. நல்ல மனுஷி. யாரையும் சந்தேகப்படாத மனுஷி.

கை வலிக்குதா? வலிக்கும். சின்னப் பொண்ணுங்களுக்கே தோள்பட்டை கடுக்கும், உங்க வயசுக்குக் கேக்கவே வேணாம். கொஞ்சம் பொறுத்துக்கங்க. நான் பேசிக்கிட்டிருக்கேன், நேரம் போறதே தெரியாது.

என் கால் புண்ணு எப்படி இருக்கு? நல்லா இருக்கில்ல? மெழுகு, கொஞ்சம் சாயம், மேல கிளிசரின். காலையில வந்து உக்காந்தா இதைச் செய்யவே நேரம் போயிடும். ஓரத்துல பாருங்க, மஞ்சளா சீழ் மாதிரி. அது என் யோசனை. கதையும் குடுத்திருக்காங்க. மாடிப்படியில தடுக்கி விழுந்துட்டேன், சுகர் இருக்கு, புண்ணு ஆற மாட்டேங்குது, பசங்க ரெண்டு பேரும் தூரத்துல இருக்காங்க, பாத்துக்க ஆளில்லை. நெஜத்துல எனக்கு சுகரும் இல்லை, பசங்களும் இல்லை. பாத்துக்க ஆளில்லைங்கறது மட்டும் அப்படியே பொருந்திப் போச்சு. பிளாஸ்டரைப் பிய்க்கும்போது ஆன்னு கத்தணும். அதுக்குத் தனியா பயிற்சி எல்லாம் குடுத்தாங்க. நான் கத்தினா பக்கத்து ஹால்லேருந்து எட்டிப் பாப்பாங்க, அவ்வளவு தத்ரூபம்.

கட்டுப் போடுறதுக்கும் பொம்மையே வச்சிருக்கலாமேன்னு தோணும். வைக்க மாட்டாங்க. பொம்மைகிட்ட ஒரு கேள்வி கேக்க முடியாதே. எல்லாம் முடிஞ்சதும் மேடம் என் பக்கம் திரும்பிக் கேப்பாங்க: உங்கம்மா இங்க படுத்திருந்தா, இந்த நர்ஸ் கையில விட்டுட்டு வீட்டுக்குப் போவீங்களா? அவ்வளவுதான். நான் போவேன்னு சொல்லிட்டா சரி. மாட்டேன்னு சொல்லிட்டா, இல்லை, இழுத்தாக்கூட, இந்தக் கட்டில் போச்சு. இந்தக் கட்டில் போனா மொத்தமும் போச்சு. ஊசியில கொறைஞ்சா மருந்துல ஈடு கட்டிக்கலாம், கட்டுல மட்டும் கெடையாது. எங்க போயி உக்காந்திருக்கு பாருங்க அதிகாரம், என் வாயில.

பயப்படாதீங்க. நான் இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட மாட்டேன்னு சொன்னதில்லை. போன தடவை ஒருத்தி வந்தா, இடுக்கி கீழ விழுந்துடுச்சு, எடுக்கலாமா வேணாமான்னு முழிக்கிறா. கண்ணு ரெண்டும் கொளம். நான் மெதுவா கால ஆட்டி, டிரேல இன்னொரு இடுக்கி இருக்கிற பக்கம் காமிச்சேன். பேஷன்ட் வலியில கால ஆட்டினா யாரு கேக்கப் போறாங்க? பாஸ் பண்ணிட்டா. இப்ப எங்கயோ வேலை பாக்குறா. அப்படி என் கால் மேலேயே ஏறிப் போனவங்க எத்தனையோ பேரு. எனக்கு அதுல ஒரு சந்தோஷம், சொல்லிக்க முடியாத சந்தோஷம். ஏன்னா நானும் ஒரு காலத்துல நீங்க நிக்கிற எடத்துல நின்னவதான்.

ஆமா, நானும் நர்ஸுக்குப் படிச்சவதான். நம்ப முடியலை, இல்ல? முழுசா படிச்சு முடிச்சேன். எழுத்துப் பரிச்சையில எங்க செட்டுல நான்தான் மேல. ஆனா படிச்சு முடிச்சாப் போதுமா? எழுதணும், பிராக்டிகல் பண்ணணும், அப்புறம் நர்ஸிங் கவுன்சில் ஆளுங்க முன்னாடி நேர்ல போயி நிக்கணும். எல்லாத்தையும் தாண்டினாத்தான் பதிவு நம்பர். நம்பர் இருந்தாத்தான் நர்ஸ். இல்லாட்டி வெள்ளைச் சட்டை போட்ட பொம்பளை, அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு டீச்சர் இருந்தாங்க. மூலை டீச்சர்னு பேரு வச்சிருந்தோம். எங்க போனாலும் முதல்ல கட்டில் விரிப்போட மூலையைத்தான் பாப்பாங்க. பேஷன்ட் மூச்சு வாங்கிக்கிட்டு கெடப்பான், இவங்க குனிஞ்சு மூலைய இழுத்து மடிச்சு, கையால ஒரு தட்டு தட்டிட்டுத்தான் நிமிருவாங்க. ஆனா நல்லா சொல்லிக் குடுப்பாங்க, அதைச் சொல்லணும். இந்தக் கால் புண்ணை எப்படித் தொடைக்கணும்? உள்ளேருந்து வெளிய, ஒரு பஞ்சு ஒரு இழுப்பு, திரும்பி வரக் கூடாது. அவங்க சொன்னதுதான். இன்னொண்ணும் சொல்லுவாங்க. க்ளவுஸ் எதுலயாவது பட்டுட்டா மறைக்காதே. வாய்விட்டுச் சொல்லு, கழட்டிப் போடு, புதுசு மாட்டு, யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. இன்னிக்கும் அதான் விதி. தானா சொல்லி மாத்திக்கிட்டா ஒரு மார்க்கும் போகாது. டிரேக்குக் கீழ்த் தட்டுல இன்னொரு ஜோடி அதுக்குத்தான் வச்சிருக்காங்க.

எனக்கும் ஒரு பேரு வச்சிருந்தாங்க அந்த டீச்சர். அதை அப்புறம் சொல்றேன்.

வேர்க்குதா உங்களுக்கு? நெத்தியெல்லாம் முத்து முத்தா நிக்குது. தொடைக்கவும் முடியாது. பாவம்.

இப்பல்லாம் பரவாயில்லை. குழாயப் பாருங்க, நீட்டமா கைப்பிடி, முழங்கையால ஒரு தட்டு தட்டினா நின்னுடும். எங்க பிராக்டிகல் அன்னிக்கு முழங்கைக் குழாய் ரிப்பேரு. பழைய திருகு குழாய்கிட்ட நிறுத்திட்டாங்க. கையக் கழுவிட்டு, தொடைக்கிற காகிதத்தை எடுத்து, அதால குழாயத் திருகி மூடணும், கழுவின கை குழாயில படக் கூடாது. காகிதப் பொட்டியில கைய விட்டா காலி. எனக்கு முன்னாடி போனவளுங்க கட்டு கட்டா உருவியிருக்காளுங்க. தண்ணி கொட்டுது. நான் நிக்கிறேன்.

எங்க வீட்டுல தண்ணின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது சிஸ்டர். தெருக்கோடிக் குழாயிலேருந்து கொடம் கொடமா எங்கம்மா இடுப்புல சொமந்து கொண்டுவந்த தண்ணி. ஓடுற குழாயப் பாத்துட்டுச் சும்மா நின்னா செவிட்டுல ஒண்ணு விழும். அதுலயே வளர்ந்த ஒடம்பு. மனசு பொறுக்கலை, மூடிட்டேன். கழுவின கையாலயே திருகி மூடிட்டேன்.

மூடின மறு நொடியே தெரிஞ்சுபோச்சு. திரும்பிப் பாத்தா டீச்சர் நிக்கிறாங்க. மறுபடி கழுவிட்டு வந்து மீதியெல்லாம் சுத்தமா பண்ணேன். மார்க் கொறைச்சாங்க. நியாயம். அதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தப்பு தப்புதான். பாஸாகிற அளவுக்கு மார்க் இருந்துச்சு, போதும்னு நெனச்சேன்.

மத்தியானம் நேர்ல கூப்பிட்டாங்க. நீட்ட மேசை. கவுன்சில்லேருந்து மூணு பேரு. நடுவுல ஒரு மீசைக்காரர், பெரிய ஆபீசர், ஆஸ்பத்திரிக்கும் அவருக்கும் காய்ச்சல் வந்தா மட்டும்தான் சம்பந்தம். சூடு தாங்காம கைக்கடிகாரத்தைக் கழட்டி மேசை மேல வச்சிருந்தாரு. ஓரத்துல எங்க டீச்சர் உக்காந்திருக்காங்க. ஒவ்வொருத்தியா உள்ள போக, இந்தப் பொண்ணு எப்படின்னு ஆபீசர் கேக்க, டீச்சர் ஒரு வரி சொல்ல, அவர் தலையாட்ட, அவ்வளவுதான் வேலை. எனக்கு முன்னாடி போனவளைப் பத்தி, நல்ல அடக்கமான பொண்ணுன்னு சொன்னாங்க. அவ அடக்கமா? சரி விடுங்க.

என் முறை வந்துச்சு. இவ எப்படின்னு கேட்டாரு. டீச்சர் சொன்னாங்க, நல்லா வேலை செய்வா சார், பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாம் நல்லாத்தான் பண்ணுவா. கை சுத்தம்தான் கொஞ்சம் போதாது.

இப்ப நீங்க சொல்லுங்க சிஸ்டர். சொல்ல வேணாம், தலைய ஆட்டுங்க. ஒரு நர்ஸ் காதுக்குக் கை சுத்தம்னா என்ன? சோப்பு, தண்ணி, குழாய். தெருவுல போற யார் காதுக்கும் கை சுத்தம் இல்லைன்னா என்ன?

அந்த ஆபீசர் கண்ணாடியக் கழட்டிட்டு என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. அப்புறம் ஒண்ணு பண்ணாரு. மேசை மேல இருந்த கடிகாரத்தை எடுத்துக் கையில மாட்டிக்கிட்டாரு.

சார், அது கை கழுவுறதைச் சொல்றாங்க சார்னு சொன்னேன். அவர் சிரிச்சாரு. எல்லாரும் மாட்டுறப்ப அப்படித்தாம்மா கைய கழுவிட்டேன்னு சொல்லுவாங்கன்னாரு. ரெண்டு பக்கமும் இருந்தவங்களும் சிரிச்சாங்க. நான் டீச்சரைப் பாத்தேன். டீச்சர் எல்லாத்தையும் பாத்தாங்க. கடிகாரத்தை எடுத்ததையும் பாத்தாங்க. புரியாமலா இருந்திருக்கும்? மூணு வார்த்தை போதும். குழாயைச் சொன்னேன் சார். அவ்வளவுதான் வேணும் எனக்கு.

டீச்சர் மேல பாத்தாங்க. ஃபேனைப் பாத்தாங்க. இந்த ஃபேன்ல எவ்வளவு தூசி, யாராவது தொடைக்கக் கூடாதான்னாங்க.

அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுட்டாங்க.

நடத்தை திருப்தி இல்லைன்னு பதிவை நிறுத்தி வச்சாங்க. மறுபடி கேக்கணும்னா படிச்ச எடத்துலேருந்து நல்ல பொண்ணுன்னு யாராவது சொல்லணும். யாரு? அதே டீச்சர்தான். அதுக்குள்ள விடுதியில ஒருத்தியோட கம்மல் காணாமப் போச்சு. குளிக்கிற எடத்துல சந்துல கெடந்துச்சு, அப்புறம் கெடைச்சுது. ஆனா கெடைக்கிறதுக்கு முன்னாடி எல்லார் கண்ணும் எங்க போச்சுன்னு நான் சொல்லணுமா? வார்டுல கத்திரிக்கோல் காணோம்னா என்னைப் பாப்பாங்க. தெர்மாமீட்டர் காணோம்னா என்னைப் பாப்பாங்க. தெர்மாமீட்டரைத் திருடி நான் என்ன, எனக்கே தெனமும் காய்ச்சல் பாத்துக்கப் போறேனா?

வீட்டுக்குப் போயிட்டேன். எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நம்புனா. மடியில போட்டுத் தலைய கோதிவிட்டா. நான் குளிச்சிட்டு வரேன், ஈரத் தலையோட கதவுகிட்ட நிக்கிறேன், அவ என் பையத் தொறந்து துணிக்கு அடியில கைய விட்டுப் பாத்துக்கிட்டிருக்கா. என்னைப் பெத்தவ. அழுக்குத் துணி இருக்கான்னு பாத்தேன்டின்னா. ஆமாம்மான்னேன். அதுக்கப்புறம் அவ கண்ணை மூடுற வரைக்கும் நாங்க அதைப் பத்திப் பேசவே இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரதில்லை சிஸ்டர். கோவம்தான் வருது. சிலர் சொல்லுவாங்க, நாளானா கோவம் ஆறிடும்னு. தானா விட்டா ஆறும். நான் விடலை. தெனம் தொறந்து தொறந்து பாத்தேன், ஆறிடுச்சான்னு இல்லை, ஆறிடக் கூடாதேன்னு.

டீச்சர் வீட்டுக்கும் போனேன். தோட்டத்துல செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தாங்க. கேட்டுக்கு வெளிய நின்னு கெஞ்சினேன். டீச்சர், ஒரு வரி. அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு ஒரே ஒரு வரி சொல்லிடுங்க. உங்க கால்ல வேணா விழறேன். அவங்க ரப்பர் குழாயக் கீழ போட்டுட்டு வந்தாங்க. நான் சொன்னது சரிதான், அவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்கங்கறது என் பொறுப்பு இல்லை, சொன்னதை மாத்திச் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாதுன்னாங்க. போயிட்டாங்க. போகும்போது குழாய மூடினாங்க. வெறுங்கையாலதான்.

அப்புறம் என்ன? ஆயா வேலைக்குக்கூட ஆஸ்பத்திரியில ஒழுக்கம் எப்படின்னு விசாரிப்பாங்க. தெரியுமா உங்களுக்கு? துணி தைச்சுப் பொட்டியில அடுக்குற கம்பெனியில சேர்ந்தேன். சாயங்காலம் வெளிய வரும்போது வாசல்ல எல்லாரையும் தடவிச் சோதிச்சுத்தான் அனுப்புவாங்க. மத்தவளுங்க அதுக்கு அப்படிக் கூச்சப்படுவாளுங்க, திட்டுவாளுங்க. எனக்கு மட்டும் அதுல ஒரு நிம்மதி. இங்க எல்லாருமே ஒண்ணுதான்னு. கல்யாணம் ஒண்ணு வந்துச்சு. விசாரிச்சாங்க. போச்சு.

இந்த வேலை எப்படிக் கெடைச்சுதுன்னா, என்கூடப் படிச்சவ ஒருத்தி இங்க பரிச்சையெல்லாம் ஏற்பாடு பண்றா. அவ கட்டுற கட்டு எதுவுமே ஒட்டாதுன்னு அவளைக் கோந்துன்னு கூப்பிடுவோம். அவதான் கூப்பிட்டா. நர்ஸாத்தான் வர முடியலை, பேஷன்டாவாவது வாடின்னா. நக்கல்தான், ஆனா மனசுல ஒண்ணும் கெடையாது அவளுக்கு. காலையில என் கால்ல மெழுகு ஒட்டிக்கிட்டே அவ ஒரு சேதி சொன்னா. இன்னிக்கு ஒரு பெரிய மனுஷி வருதுடி. ரொம்ப வருஷம் மக வீட்டோட வெளிநாட்டுல இருந்துட்டு வந்திருக்கு, லைசென்ஸ் காலாவதியாகிப் போச்சு. புதுச் சட்டப்படி எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் மறுபடி பிராக்டிகல் பண்ணியே ஆகணும். ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு, கண்ணு சரியாத் தெரியலையோ என்னவோ. இதான் கடைசி வாய்ப்பு. ஒரு நர்ஸிங் காலேஜுல பிரின்சிபல் நாற்காலியைத் தொடைச்சு வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்களாம். பேரைச் சொல்லலை அவ. சொல்லக் கூடாது, அதுவும் விதி.

சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமப் போச்சு. நீங்க திரையைத் தள்ளிட்டு உள்ள வந்தீங்க. மாஸ்க், தலையில குல்லா, கண்ணு மட்டும்தான் தெரியுது. நான் வழக்கம் போல வலியில மொனகிக்கிட்டுக் கெடக்குறேன். பரிச்சைக்கு வந்த எல்லாரும் முதல்ல என்ன பண்ணுவாங்க? வணக்கம் சொல்லுவாங்க, பேரு கேப்பாங்க. நீங்க குனிஞ்சீங்க. என் கட்டில் விரிப்பு மூலைய இழுத்து மடிச்சு, கையால ஒரு தட்டு தட்டினீங்க.

ரேடியோ, டீச்சர். ரேடியோவை நிறுத்துன்னு வகுப்புல கத்துவீங்களே. அதான் நீங்க எனக்கு வச்ச பேரு. இன்னும் நிக்கலை பாருங்க.

ஐயோ.

டீச்சர், மாஸ்க்கைத் தொட்டுட்டீங்க.

தொட்டீங்க டீச்சர். நான் பேரைச் சொன்னதும் கை தானா மேல போச்சு. மாஸ்க்குல பட்டு, வேர்வையில இழுத்து, கண்ணு வரைக்கும் போச்சு. வலது கை, ரெண்டு வெரலு. யாரும் பாக்கலை, திரை மூடியிருக்கு. நான் மட்டும்தான் பாத்தேன். பேசாதீங்க, பேசாதீங்க, இன்னும் மணியடிக்கலை. இப்ப பேசினா அது வேற தப்பு.

அப்படிப் பாக்காதீங்க. வேணும்னு பண்ணலை நான். பேசிக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான். என் பேச்சு ஜாஸ்தின்னு உங்களுக்கே தெரியும்.

பயந்துடாதீங்க, ஒண்ணும் குடி முழுகிப் போகலை. மணியடிக்கும். மேடம் வருவாங்க. ஒரே ஒரு வரி சொல்லணும் நீங்க. என் கை சுத்தமா இல்லை, மாத்திக்கிறேன். அவ்வளவுதான் டீச்சர். கீழ்த் தட்டுல புது ஜோடி இருக்கு. மார்க் போகாது. பிரின்சிபல் நாற்காலி எங்கயும் போகாது. நானும் கடைசில எல்லாருக்கும் சொல்ற மாதிரி, எங்கம்மாவை இவங்க கையில விட்டுட்டு நிம்மதியா போவேன்னு சொல்லிடுவேன். சத்தியமா சொல்லிடுவேன். நீங்க அந்த வரியை வாய்விட்டுச் சொல்லிட்டா எனக்கு அது போதும். இத்தனை வருஷத்துக்கும் அந்த ஒரு வரி போதும். என் கை சுத்தமா இல்லை. சொல்லிப் பழகிக்கங்க, மனசுக்குள்ள.

கைய மேல வச்சுக்கங்க டீச்சர்.

மணியடிச்சிடுச்சு.

வாங்க மேடம், வாங்க. எப்படி இருக்கு அந்தப் பொண்ணு? எழுந்து உக்காந்துட்டாளா? தண்ணி குடிச்சாளா? அப்பாடா. நாங்க இங்க நல்லாத்தான் இருந்தோம். சிஸ்டர் அப்படியே செலையாட்டம் நின்னாங்க, ஒரு வார்த்தை பேசலை. நான்தான் வலியில என்னென்னவோ பொலம்பிக்கிட்டிருந்தேன். நீங்க உக்காருங்க மேடம், போனு கீழ விழுந்துடப் போகுது.

ம்ம்மா. வலிக்குது சிஸ்டர். என் பசங்க வந்தா நல்லா இருந்திருக்கும். சிஸ்டர், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா? கட்டுறதுக்கு முன்னாடி? சொல்லுங்க, கேட்டுக்கறேன். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

ஒண்ணும் இல்லையா?

யோசிச்சுப் பாருங்க சிஸ்டர். ஒரு வரிதானே.

சரி. பஞ்சை எடுத்துட்டீங்க. அதே கையால. சரி சிஸ்டர், தொடைங்க. உள்ளேருந்து வெளிய. ஆ! இல்லை, பரவாயில்லை, தாங்கிக்கறேன். உங்களுக்குப் பழக்கம் இல்லைல, சொன்னதை மாத்திச் சொல்ற பழக்கம். எனக்கு ஞாபகம் இருக்கு. இல்லை மேடம், சும்மா பொலம்புறேன். வலியில இருக்கிறவ என்னென்னவோ சொல்லுவா.

முடிஞ்சுதா? பாருங்க மேடம், எவ்வளவு அழகா ஒட்டியிருக்காங்கன்னு. நாலு மூலையும் நேரா. இந்த மாதிரி மூலை இந்த ஹால்ல யாராலயும் ஒட்ட முடியாது.

என்னையா மேடம் கேக்குறீங்க? ஆமா, கேள்வி இருக்குல்ல, மறந்தே போயிட்டேன். எங்கம்மாவை இவங்க கையில விட்டுட்டுப் போவேனான்னா...

நல்லா வேலை செய்யறாங்க மேடம். பேச்சே கெடையாது. எல்லாம் நல்லாத்தான் பண்ணாங்க. கை சுத்தம்தான் கொஞ்சம் போதாது.

அதுக்கு மேல நான் என்ன சொல்றது மேடம்? நான் சொன்னது சரிதான். நீங்க அந்தப் பக்கம் போயிருந்தப்ப நானும் இவங்களும் மட்டும்தான் இருந்தோம். எப்படி எடுத்துக்கிறீங்களோ, அது உங்க இஷ்டம். எதுக்கு மேடம் இப்பப் போனை எடுத்துப் பைக்குள்ள வைக்கிறீங்க?

என்ன சிஸ்டர், என்னையே பாக்குறீங்க? நான் ஏதாவது சொல்லணுமா? ஒரு வரியா?

இந்த ஃபேன்ல எவ்வளவு தூசி பாருங்க மேடம். யாராவது தொடைக்கக் கூடாதா?